எண்டோஸ்கோப்பிப் பரிசோதனைக்குப் பாதுகாப்பாகச் செல்லும் முறை

வாகரையிலிருந்தோ வெல்லாவெளியிலிருந்தோ அதிகாலைப் பஸ்ஸில் மட்டக்களப்புக்கு எண்டோஸ்கோப்பி (வாய்வழியாகக் கமராக் குழாயைச் செலுத்தி இரைப்பையைப் பார்க்கும் பரிசோதனை) செய்ய வருபவர்கள், "ஒரு வாய் தேத்தண்ணிதானே" என்று நினைப்பதுண்டு. ஆனால் பால் கலந்த தேநீர் உணவாகவே கணக்கிடப்படும் என்பதால், பரிசோதனைக்கு முந்திய 6 மணி நேரம் அதையும் திண்ம உணவையும் தவிர்க்க வேண்டும். வெறும் தண்ணீரைப் பொதுவாக 2 மணி நேரத்துக்கு முன்வரை அருந்தலாம். வயிற்றில் எஞ்சியிருப்பது, மயக்க நிலையில் மேலேறி நுரையீரலுக்குள் செல்லக்கூடும். வாபரின், குளோபிடோகிரெல் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளையும் இன்சுலினையும் பற்றித் திகதி குறிக்கும் நாளிலேயே வைத்தியரிடம் கூறுங்கள். அவற்றை நீங்களாக நிறுத்துவது சில வேளைகளில் பரிசோதனையைவிட ஆபத்தானது. கட்டுப்பற்களைக் கழற்றிவிடுங்கள். தூக்க ஊசி ஏற்றப்பட்டால் 24 மணி நேரத்துக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டாமல், துணைக்கு வந்தவருடனேயே வீடு திரும்புங்கள். பின்னர் கடும் வயிற்றுவலி, காய்ச்சல், இரத்த வாந்தி, கறுப்பு மலம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.