₹ குறி: டைப் செய்வதும் சரியாகப் போடுவதும்

விண்டோஸில் ₹ வரவில்லை என்றால் கோளாறு கீபோர்டில் இல்லை, லேஅவுட்டில்தான் (எந்தக் கீக்கு எந்த எழுத்து என்ற அமைப்பு). செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய் 'இங்கிலீஷ் (இந்தியா)' சேருங்கள். விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ்பாரைத் தட்டி அதற்கு மாறி, வலப்பக்க ஆல்ட்டுடன் 4. அமெரிக்க லேஅவுட்டில் இதே கீகளுக்கு ₹ வராது. வேர்டில் மட்டும் போதுமென்றால், நம்லாக் போட்டு, இடப்பக்க ஆல்ட்டைப் பிடித்தபடி நம்பர் பேடில் 8377. வலைப்பக்க நிரலில் ₹ என்று எழுதலாம். ஆண்ட்ராய்டு கீபோர்டில் எண் பக்கத்தில் ₹ தெரியாவிட்டால், அங்குள்ள பணக்குறியை அழுத்திப் பிடித்தால் கிடைக்கும்.

உதயகுமார் வடிவமைத்த இந்தக் குறியை அரசு அறிவித்தது 2010 ஜூலையில். கணினி எழுத்துகளுக்கான உலகப் பொதுத் தரமான யூனிகோடில் அதே ஆண்டு அக்டோபரில்தான் ஏறியது. அந்த இடைவெளியில் வந்த சில ஃபான்ட்டுகள், 1-க்கு இடப்பக்கக் கீயில் உள்ள ` குறியின் இடத்தில் ரூபாய் வடிவத்தை வரைந்து வைத்தன. பழைய பில்லில் ₹500 இருக்க வேண்டிய இடத்தில் `500 தெரிந்தால் காரணம் இதுதான். அந்தக் குறியை அழித்து உண்மையான ₹ போடுவதே தீர்வு. பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துருக்களிலும் ₹ இல்லை. அந்த ஓர் எழுத்துக்கு மட்டும் ஃபான்ட்டை மாற்றுங்கள்.

எக்செலில் ₹-ஐக் கையால் அடிக்காதீர்கள். கணினியின் வட்டாரம் இந்தியா இல்லையென்றால் ₹1200 என்பது எண்ணாகாமல் வெறும் எழுத்தாக நின்றுவிடும், கூட்டுத்தொகை 0 காட்டும். எண்ணை மட்டும் அடித்து, கன்ட்ரோல் + 1 அழுத்தி, கரன்சியில் ₹ தேர்ந்தெடுங்கள். சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) யுடிஎஃப்-8 ஆக, அதாவது யூனிகோடு வடிவில், சேமிக்காவிட்டால் ₹ இருந்த இடத்தில் ? வந்து உட்காரும்.

குறி தொகைக்கு முன்னால், இடைவெளியின்றி: ₹1,50,000. '₹500 ரூபாய்', 'ரூ.₹500' இரண்டும் தவறு. ₹ போட்டால் ரூபாய் வேண்டாம். ஆனால் '₹1.5 லட்சம்' சரி. ௹ என்பது தமிழின் பழைய ரூபாய்க் குறி. பார்க்க அழகுதான், ஆனால் பில்லில் வேண்டாம், பலருக்குப் புரியாது. இலங்கை ரூபாய்க்கும் ₹ போடக் கூடாது, அது இந்திய ரூபாய்க்கு மட்டுமே, 'ரூ.' என்றே எழுதுங்கள்.

ஆங்கில எஸ்எம்எஸ்ஸில் ஒரே ஒரு ₹ நுழைந்தாலும் 160 எழுத்து வரம்பு 70 ஆகச் சுருங்கி, ஒரு செய்தி இரண்டு மூன்றாகப் பிரிந்து கட்டணம் ஏறும்.