வெள்ளியங்கிரிக்குப் போகும் பெரியவர்களே, இறங்கப் பழகுங்கள்

மலை என்றதும் எல்லாரும் ஏறுவதைப் பற்றியே பேசுகிறார்கள். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு ஏறும்போது மூச்சு வாங்கும், கொஞ்சம் நின்றால் தணிந்துவிடும். இறங்கும்போதுதான் முட்டி கணக்குக் கேட்கும். கோவைக்கு மேற்கே, ஏழு மலை ஏறிச் சிவனைக் கும்பிடும் வெள்ளியங்கிரியில் தொடை நடுங்கிக் கல்லில் உட்கார்ந்துவிடும் பெரியவர்களைப் பெரும்பாலும் இறங்குகிற வழியில்தான் பார்க்கிறேன். ஏழு மலையும் ஏறி, சாமி கும்பிட்டு, இருந்த தெம்பையெல்லாம் செலவழித்த பிறகு அத்தனை படியும் இன்னொரு தடவை காத்திருக்கிறது.

எனக்கு 64 வயது. வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தே காலம் போய் ஓய்வு பெற்றவள். பிரஷருக்கு ஒரு மாத்திரை, சர்க்கரைக்கு ஒரு மாத்திரை. வழக்கப்படி இளம் வயதுப் பெண்கள் இந்த மலை ஏறுவதில்லை என்பதால், எங்களுக்கு முதல் வாய்ப்பே முட்டி தேயத் தொடங்குகிற வயதில்தான் வருகிறது. சரி, அதற்கேற்றபடி தயாராவோம்.

வனத்துறை வழக்கமாகப் பிப்ரவரி முதல் மே வரைதான் அனுமதிக்கிறது. பிப்ரவரியில் போக நினைத்தால் நவம்பரிலேயே பழக ஆரம்பியுங்கள். வடவள்ளியில் இருக்கும் எனக்கு மருதமலைதான் பயிற்சிக்கூடம். 800-க்கும் மேற்பட்ட படிகள். முதல் சில வாரம் பஸ்ஸில் மேலே போய்ப் படியில் இறங்குவேன். படிக்கட்டில் எனக்கு எதிரே ஏறி வருகிறவர்கள் இந்தம்மா ஏமாற்றுகிறது என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்குகிறது. பழகாத தசைக்கு இது பெரிய அடி. மறுநாளும் அதற்கு மறுநாளும் வலி பின்னியெடுக்கும். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் தசை சீக்கிரம் பழகிக்கொள்ளும். மலை பக்கத்தில் இல்லாதவர்கள் அடுக்குமாடியில் லிஃப்டில் ஏறிப் படியில் இறங்குங்கள். கைப்பிடியைத் தொடும் தூரத்திலேயே இருங்கள். அப்புறம் மெல்ல ஏறுவதையும் சேர்த்து, கடைசி மாதம் பையில் இரண்டு லிட்டர் தண்ணீர் சுமந்து பழகுங்கள்.

டாக்டரிடம் போகும்போது "வாக்கிங் போகலாமா" என்று கேட்காதீர்கள். "வெள்ளியங்கிரி ஏறப் போகிறேன், முழுநாள் ஆகும்" என்று சொல்லுங்கள். அப்போதுதான் டிரெட்மில் பரிசோதனை தேவையா என்று யோசிப்பார். இதய நோய், ஆஸ்துமா இருப்பவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறையே சொல்கிறது. அதையும் மீறி ஏறியவர்களைப் பற்றிய செய்தி அடிக்கடி பேப்பரில் வருகிறது. மேலே ஆம்புலன்ஸ் வராது, ஆட்கள்தான் தூக்கி வர வேண்டும்.

மாத்திரைச் சீட்டையும் கையோடு எடுத்துப் போய் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பிரஷருக்கு அட்டினலால், மெட்டோபுரோலால் போன்றவை சாப்பிடுகிறவர்களுக்கு நாடித்துடிப்பு அதிகம் ஏறாது. கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பினால் நன்றாக இருப்பதாகத் தோன்றும். அதைவிடப் பேச்சுதான் நல்ல அளவு. ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியவில்லை என்றால் வேகம் அதிகம். சர்க்கரைக்குக் கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு வழியிலும் அன்று ராத்திரியிலும் சர்க்கரை இறங்கிவிடலாம். அன்றைய அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். குளுக்கோஸைப் பையின் அடியில் வைக்காமல் இடுப்பில் வையுங்கள். முக்கியமாக ஒன்று: முட்டி வலிக்கும் என்று முன்கூட்டியே டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஏறும் பழக்கம் நம்மில் நிறைய. பிரஷர் மாத்திரையும் நீர் பிரிகிற மாத்திரையும் எடுப்பவர் வியர்த்து வற்றிய உடம்பில் இதைப் போட்டால் சிறுநீரகத்துக்கே ஆபத்து.

கண்ணாடி விஷயத்தை யாரும் சொல்ல மாட்டார்கள். கிட்டப்பார்வையும் தூரப்பார்வையும் ஒன்றாக இருக்கும் கண்ணாடியில் கண்ணைத் தாழ்த்திப் படியைப் பார்த்தால் படிக்கும் பகுதி வழியாகத்தான் தெரியும். படி விளிம்பு மங்கும். தூரத்துக்கு மட்டுமான ஒரு கண்ணாடி செய்து, மலைக்கு அதைப் போடுங்கள். இருட்டில் நடக்கச் செல்போன் வெளிச்சம் வேண்டாம், தலையில் மாட்டும் விளக்கு வாங்குங்கள். கை இரண்டும் கம்புக்கு வேண்டும்.

செருப்பில்லாமல் ஏறுகிறவர்கள் அங்கே நிறையப் பேர். கால் மரத்துப்போகும் சர்க்கரைக்காரர்கள் அந்த வேண்டுதலைச் செய்யாதீர்கள், சிவன் கோபிக்க மாட்டார். ஷூ அரை சைஸ் பெரிதாக இருக்கட்டும். நடக்க நடக்கப் பாதம் வீங்கும், இறங்கும்போது கட்டைவிரல் முன்னால் போய் முட்டும். இரண்டு நாள் முன்பே நகம் வெட்டிவிடுங்கள். இறங்கத் தொடங்கும் முன் ஷூ கயிற்றை அவிழ்த்துக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள்.

பை ஐந்து கிலோவைத் தாண்டக் கூடாது. தண்ணீர், ஓ.ஆர்.எஸ். (பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டருக்குக் குறையாமல் கரையுங்கள்), கடலை மிட்டாய், புளிசாதம், மேலே வீசும் காற்றுக்கு ஒரு ஸ்வெட்டர், மாற்றுச் சாக்ஸ். வயசானால் தாகம் சரியாகத் தெரியாது. அதனால் தாகத்துக்குக் காத்திருக்காமல் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு வாய் குடியுங்கள். பிளாஸ்டிக்கை அடிவாரத்திலேயே சோதிப்பார்கள், பையைத் திறந்து காட்டத் தயாராகப் போங்கள்.

பூண்டி அடிவாரத்தில் மூங்கில் கம்பு விற்கிறார்கள். ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள்.

பௌர்ணமி, சிவராத்திரிக் கூட்டத்தில் போகாதீர்கள். பின்னால் இருப்பவர் அவசரத்துக்கு நம் கால் நடக்க முடியாது. முதல் மலை எடுத்த எடுப்பிலேயே செங்குத்தான படிதான். உடம்பு சூடாகும் முன்பே அது வந்துவிடுகிறது. வெள்ளைப் பிள்ளையார் கோயில் வந்ததும் பத்து நிமிடம் உட்காருங்கள். அதன் பிறகும் மூச்சு அடங்கவில்லை, நெஞ்சிலோ தாடையிலோ இறுக்கம், இனம் தெரியாத அசதி என்றால் பிள்ளையாருக்கே தேங்காயை உடைத்துவிட்டுத் திரும்புங்கள். சர்க்கரைக்காரர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலே வரலாம்.

அடுத்த முடிவெடுக்கும் இடம் ஆறாவது மலை. அங்கே பாதை ஆண்டி சுனைக்கு இறங்குகிறது, பிறகு ஏழாவது மலை செங்குத்தாக நிற்கிறது. சுனைக்கு இறங்குகிற ஒவ்வொரு அடியையும் திரும்பும்போது ஏறியாக வேண்டும். ஆகவே கணக்கை இறங்குவதற்கு முன்பே போடுங்கள். இளசுகள் நாலு மணி நேரத்தில் மேலே போவார்கள். நமக்கு ஆறோ ஏழோ ஆகும், இறங்கவும் கிட்டத்தட்ட அவ்வளவு. இருட்டும் முன் கீழே போய்ச் சேர முடியாது என்று தோன்றினால் அங்கிருந்தே ஏழாவது மலையைப் பார்த்துக் கும்பிடலாம். சுனையில் முகம் கை கால் கழுவினால் போதும். வியர்த்த உடம்போடு அந்தக் குளிர்ந்த தண்ணீரில் முங்கினால் பிரஷர் சட்டென்று எகிறும்.

இனி இறங்குவது. கம்பை முதலில் கீழ்ப்படியில் ஊன்றுங்கள். அடுத்து வலிக்கிற கால். அது நன்றாக ஊன்றிய பிறகு நல்ல கால், அதே படியில். ஏறும்போது இது அப்படியே மாறும், நல்ல கால் முதலில். முட்டியை விறைப்பாக வைக்காமல் லேசாக மடக்கியே வையுங்கள். உயரமான கல் வந்தால் பக்கவாட்டில் திரும்பி நண்டுபோல இறங்குங்கள். குதிக்கவே கூடாது. கம்பை ஏறும்போது பிடித்ததைவிட மேலே பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு முன்னால் கவிழும். கால் உதறத் தொடங்கிய பிறகு உட்காருவதைவிட, உதறுவதற்கு முன்பே இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிற்பது நல்லது. வழுக்குப் பாறைப் பக்கம் கூடவருகிறவர் பின்னால் வரக் கூடாது, உங்களுக்கு ஒரு படி கீழே நடக்கச் சொல்லுங்கள். நான் என் தம்பி மகனை அப்படித்தான் நடக்க வைப்பேன். "அத்தை, என் மேல விழுந்தா நானும் போயிருவேன்" என்பான், ஆனாலும் நடப்பான்.

இமயமலைப் பக்கம் பல நாள் நடக்கப் போகிறவர்களுக்கும் இறங்கும் முறை இதேதான். கூடுதலாக, 3,000 மீட்டருக்கு மேல் போனால் தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள்.

கீழே வந்ததும் சாக்ஸைக் கழற்றிப் பாதத்தையும் விரலிடுக்கையும் பாருங்கள். ராத்திரி சாப்பிடாமல் படுக்காதீர்கள், சர்க்கரைக்காரர்கள் படுக்கும் முன் ஒருமுறை அளந்துவிடுங்கள். இரண்டு மூன்று நாள் தொடை வலிப்பது இயல்பு, மெதுவாக நடந்தால் விட்டுவிடும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, சிறுநீர் டீ டிகாக்ஷன் நிறத்தில் போனாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.