சீனப் பண்டிகைகளில் புதியவர்கள் தடுமாறும் இடங்கள்

கடிகாரம் பரிசளிக்கக் கூடாது, நான்கு ஆகாத எண், சோற்றில் சாப்ஸ்டிக்கைச் செங்குத்தாகக் குத்தக் கூடாது. இதையெல்லாம் முதல் நாளிலேயே யாராவது சொல்லிவிடுவார்கள். யாரும் சொல்லாததால் ஆண்டுதோறும் புதியவர்கள் ஒரே குழியில் விழுகிற இடங்கள் வேறு.

தேதியைப் ‘பதினோரு நாள்’ கணக்கில் போடுவது

பணத்தை அதிகம் தின்னும் தவறு இதுதான். 2024இல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 10, 2025இல் ஜனவரி 29. அப்படியானால் ஆண்டுக்கு ஏறக்குறைய பதினோரு நாள் முன்னே நகர்கிறது, 2026இல் ஜனவரி நடுவில் வரும் என்று டிக்கெட்டும் சரக்கும் பதிவு செய்துவிடுகிறார்கள். வந்ததோ பிப்ரவரி 17.

சந்திர நாட்காட்டி என்ற பெயர்தான் ஆளைக் கவிழ்க்கிறது. உண்மையில் அது நிலவையும் சூரியனையும் சேர்த்துக் கட்டியது. சூரியன் செல்லும் பாதையை 15 பாகைக்கு ஒன்றாக 24 பருவப் புள்ளிகளாகப் பிரித்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பன்னிரண்டு முதன்மையானவை. பன்னிரண்டு மாதமுள்ள ஆண்டு ஏறக்குறைய 354 நாள்தான் என்பதால், 19 ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதம் கூடும். அந்த ஆண்டுகளில், முதன்மைப் புள்ளி விழாத மாதம் முந்தைய மாதத்தின் எண்ணையே மறுபடி பெறும். சங்கராந்தி இல்லாத சாந்திர மாதத்தை அதிக மாதம் என்கிற நம் பஞ்சாங்க விதியும் இதே வகைதான். 2025இல் ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 22 வரை அப்படி இரண்டாவது ஆறாம் மாதம் வந்தது. அதனால்தான் 2024இல் செப்டம்பர் 17இல் வந்த, எட்டாம் மாதப் பௌர்ணமியின் நிலாப் பண்டிகை 2025இல் அக்டோபர் 6க்குப் போனது.

இதைப் புரிந்துகொண்டவர்களும் அடுத்த படியில் சறுக்குகிறார்கள், எல்லாப் பண்டிகைக்கும் நிலவையே பார்த்து. பொங்கல் சூரியனோடும் தீபாவளி அமாவாசையோடும் போகிறது அல்லவா? அங்கும் அப்படித்தான். முன்னோர் கல்லறையைத் துப்புரவு செய்யும் சிங்மிங் சூரியக் கணக்கு. ஏப்ரல் 4, 5ஐ ஒட்டியே வரும். ஆண்டிலேயே பகல் மிகக் குறுகிய டோங்சி நாளும் டிசம்பர் 21 முதல் 23க்குள்தான்.

இன்னொன்று: சீன மாதம் அமாவாசை நிகழும் நாளிலேயே தொடங்கும், மறுநாள் பிரதமையில் அல்ல. அமாவாசை எந்த நாளில் விழுகிறது என்பதும் சீன நேரப்படிதான். நம் தினசரி காலண்டரைக் கிழித்துக் கணக்குப் போட்டால் ஒரு நாள் பிசகும். ஒரு மணி நேர வித்தியாசம் எவ்வளவு இழுக்கும் என்பதற்கு வியட்நாம் சாட்சி. ஹனோய் நேரப்படி கணித்ததால் 1985இல் அங்கே புத்தாண்டு ஜனவரி 21, சீனாவில் பிப்ரவரி 20. அச்சிட்ட சீன நாட்காட்டி இல்லாமல் எந்தத் தேதியையும் உறுதி செய்யாதீர்கள்.

விடுமுறை நாளை மட்டும் எண்ணுவது

2025 முதல் சட்டப்படி புத்தாண்டு விடுமுறை நான்கு நாள். மீதி, வார விடுமுறையை நகர்த்திச் சேர்ப்பது. 2026இல் பிப்ரவரி 15 முதல் 23 வரை ஒன்பது நாள் விடுமுறை; ஈடாக 14, 28 ஆகிய சனிக்கிழமைகளில் வேலை. ஆனால் ஊர்ப்பயண நெரிசல் மொத்தம் 40 நாள், பண்டிகைக்கு 15 நாள் முன்பே தொடங்கிவிடும். பல தொழிற்சாலைகளில் ஆட்கள் முன்னரே கிளம்பி, முதல் மாதப் பௌர்ணமி விளக்குத் திருவிழா முடிந்துதான் திரும்புவார்கள். கடைசி வாரத்தில் கொடுத்த ஆர்டர் மார்ச்சில்தான் அசையும்.

சிங்மிங்குக்கு ‘இனிய வாழ்த்து’

வேண்டாம். அது இறந்தவர்களின் நாள்.

சிவப்புத் தாள் ஈரடியை இடம் மாற்றி ஒட்டுவது

புத்தாண்டுக்கு வாசலின் இருபுறமும் ஒட்டும் இரண்டடி வாழ்த்துப்பா இது. கதவைப் பார்த்து நிற்கையில் முதலடி வலப்பக்கம், இரண்டாமடி இடப்பக்கம். சீனம் தெரியாதவர்கள் கடைசி எழுத்தின் தொனியை, அதாவது உச்சரிப்பின் ஏற்ற இறக்கத்தை, கேட்டுக்கொள்ளலாம்: மூன்றாம் அல்லது நான்காம் தொனியில் முடிவது முதலடி, முதலாம் அல்லது இரண்டாம் தொனியில் முடிவது இரண்டாமடி. மேலே ஒட்டும் குறுக்குத் தாள் இடமிருந்து வலமாக எழுதப்பட்டிருந்தால் மட்டும் முதலடி இடப்பக்கம் போகும். நற்பேறு என்று பொருள்படும் ‘ஃபூ’ எழுத்தைத் தலைகீழாக ஒட்டுவது வீட்டுக்குள்ளே; வாசற்கதவில் நேராகவே ஒட்டுவது மரபு.

டிராகன் படகு விழாவில் மனோசிலை மது

நச்சை விரட்டும் என்று குடிப்பது பழைய வழக்கம். குடிக்காதீர்கள். மனோசிலை ஆர்சனிக் சேர்மம். சூடாக்கினால் வெள்ளைப் பாஷாணமாகும். நச்சை விரட்ட வாசலில் வசம்பும் மாசிபத்திரியும் கட்டினால் போதும்.

ஓர் ஊர் வழக்கத்தைச் சீனா முழுவதற்கும் விரிப்பது

சிங்கப்பூர், மலேசியத் தமிழர்கள் சீன வீட்டுக்கு ஆரஞ்சு இரண்டை இரு கையால் நீட்டுவார்கள். வீட்டுக்காரரும் இரண்டைத் திருப்பித் தருவார். அது தென்சீன வழக்கம். வடக்கே போனால் அன்றைய பேச்சே ஜியாவ்ஸிக் கொழுக்கட்டைதான்.