மீன் தொட்டிக்குச் சிக்கனமான ஃபில்டர்: பஞ்சுக்குக் காசு கொடுங்கள், வேகத்துக்கு அல்ல

தண்ணீரில் மிதக்கும் தூசியை எடுப்பது ஃபில்டரின் சின்ன வேலை. மீனைச் சாகடிப்பது கண்ணுக்குத் தெரியாத அம்மோனியா. மீன் கழிவிலும் மிச்சத் தீனியிலும் உண்டாகும் அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும், மற்றொரு வகை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் கொடிய நஞ்சு. நைட்ரேட்டின் வீரியம் குறைவு. வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றினால் கட்டுக்குள் இருக்கும். இந்த பாக்டீரியாக்களுக்குப் பெரிய குடியிருப்பே ஃபில்டர் பஞ்சுதான். எனவே பஞ்சு எவ்வளவு பெரியது என்பதை முதலில் பாருங்கள்.

100 லிட்டர் வரையான தொட்டியில் கப்பி, மோலி, டெட்ரா, ஃபைட்டர் போன்ற சிறு மீன்கள் என்றால், காற்றுக் குமிழியால் தண்ணீரைப் பஞ்சு வழியே இழுக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரே போதும். இரட்டைப் பஞ்சு வைத்ததாக வாங்குங்கள். ஒன்றைக் கழுவும்போது மற்றதில் பாக்டீரியா அப்படியே இருக்கும். கூடவே ஏர் பம்ப், ஏர் டியூப், காற்றை ஒரே பக்கமாக மட்டும் விடும் ஒரு செக் வால்வ். கடைசியாகச் சொன்னதுதான் இருப்பதிலேயே மலிவு, பலரும் வாங்காமல் விடுவதும் அதுதான். அது இல்லாமல், பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்து கரண்ட் போனால், டியூப் வழியாகத் தண்ணீர் பின்னோக்கி இறங்கி பம்புக்குள்ளும் தரையிலும் கொட்டும். வால்வை வாயால் ஊதிப் பாருங்கள். எந்த முனையில் ஊதினால் காற்று போகிறதோ அந்த முனை பம்ப் பக்கம்.

புதுப் பஞ்சு மிதக்கும். தண்ணீருக்குள் வைத்தே நாலைந்து முறை பிழிந்து காற்றை வெளியேற்றினால் அமர்ந்துவிடும். குமிழிச் சத்தம் தொல்லையாக இருந்தால், ஃபில்டர் குழாய்க்குள் சின்ன ஏர் ஸ்டோன் ஒன்றைப் பொருத்துங்கள். குமிழி பொடியாகும், சத்தம் அடங்கும், தண்ணீர் இழுப்பும் கூடும்.

கோல்டு ஃபிஷ், பெரிய சிக்லிட் வகைகள் நிறையத் தின்று நிறையக் கழிப்பவை. அவற்றுக்கு மோட்டார் ஃபில்டர் தேவை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் லிட்டர் வரும். 60 × 30 × 30 தொட்டி 54 லிட்டர். மணல், கல், மேல் இடைவெளி போக 45 தேறும். மணிக்கு அதைப்போல் 4 முதல் 6 மடங்கு, அதாவது 180 முதல் 270 லிட்டர் சுற்ற வேண்டும். கோல்டு ஃபிஷ்ஷுக்கு 8 மடங்கு வைத்துக்கொள்ளலாம். பெட்டியில் அச்சிட்ட எண் பெரும்பாலும் உள்ளே பஞ்சு இல்லாமல் அளந்தது. ஒரு படி மேலாகவே எடுங்கள். ஃபைட்டருக்கு மட்டும் இந்தக் கணக்கு வேண்டாம், வேக நீரோட்டத்தில் அது தவித்துப்போகும். குஞ்சுகள், இறால்கள் இருந்தால் உறிஞ்சும் வாயில் பஞ்சு மாட்டியே தீர வேண்டும்.

தொட்டி விளிம்பில் தொங்கும் ஃபில்டரில் செலவு ஒளிந்திருப்பது கார்ட்ரிட்ஜில், அதாவது உள்ளே செருகும் வடிகட்டிப் பையில். மாதாமாதம் மாற்றச் சொல்வார்கள். மாற்றினால் காசோடு பாக்டீரியாவும் குப்பைக்குப் போகும். அந்த இடத்தில் சொரசொரப்பான பஞ்சை அளவாக வெட்டிச் செருகுங்கள். கார்பன் அன்றாடத் தேவையில்லை. மருந்து போட்ட பின் மிச்சத்தை எடுக்க உதவும். மணலுக்கு அடியில் போடும் தட்டு ஃபில்டர் மலிவுதான், ஆனால் அடியில் சேறு அடைத்துக்கொண்டால் தொட்டியையே கலைக்க வேண்டியிருக்கும். தொட்டிக்கு வெளியே வைக்கும் டப்பா வடிவ கேனிஸ்டர் ஃபில்டர் சிறு தொட்டிக்கு வீண் செலவு.

பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் பிழிந்தாலே போதும். பஞ்சு பழுப்பாகத் தெரிவது அழுக்கு மட்டுமல்ல, வெள்ளையாக்க முயலவே கூடாது. புது ஃபில்டரில் பாக்டீரியா முழுதாக வளர 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீன் குறைவு, தீனி அதைவிடக் குறைவு. பழைய ஃபில்டரை மாற்றுவதானால் இரண்டையும் ஒரு மாதம் சேர்ந்தே ஓடவிட்டு, பிறகு பழையதை எடுங்கள்.