பட்ஜெட் கையைக் கடிக்கும்போது சிறு கடைகளுக்குத் துணை நிற்பது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுச் செலவை இழுத்துப் பிடிக்க வேண்டிய மாதங்களில், பல வீடுகளில் முதல் வெட்டு விழுவது சிறு கடைகளுக்குப் போகும் பணத்தில்தான். தையல்காரர், புத்தகக் கடைக்காரர், சைக்கிள் பழுதுபார்ப்பவர் என்று சொந்தமாகத் தொழில் செய்பவர்கள் எல்லோரும் இதை அனுபவத்தில் அறிந்தவர்கள். அவர்களைக் கைவிட வாடிக்கையாளர்களுக்கும் மனம் வருவதில்லை. ஆனால் நல்ல எண்ணத்தோடு செய்யும் சில காரியங்களே கடைக்காரருக்குப் பாரமாகிவிடுகின்றன. வேறு சில, வாங்குபவரின் பட்ஜெட்டை உடைத்துவிட்டு இரண்டே மாதத்தில் நின்றுபோகின்றன. எதிர்பார்த்த பணம் எதிர்பார்த்த நாளில் கல்லாவுக்கு வர வேண்டும். சிறு கடை பிழைப்பது அதில்தான். கீழே உள்ள தவறுகள் எல்லாம் ஏதோ ஒரு விதத்தில் அதைக் கெடுப்பவை.

கூடுதல் செலவாகத் தொடங்குவது

"இந்த மாதம் சின்னக் கடைகளுக்கென்று தனியாகக் கொஞ்சம் ஒதுக்குவோம்" என்று தொடங்கினால், அது இருக்கும் செலவின் மேல் ஏறும் புதுச் செலவு. அடுத்த நெருக்கடியில் முதலில் போவதும் அதுவே. ஏற்கெனவே வேறு எங்கோ போய்க்கொண்டிருக்கும் பணத்தை இடம் மாற்றுவதுதான் நிலைக்கும்.

கடந்த 3 மாத பில்களையும் வங்கிக் கணக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். வாடகை, கடன் தவணை, கட்டணங்கள் போன்ற கைவைக்க முடியாதவற்றை ஓரம் கட்டுங்கள். மீதியில் ஒன்றிரண்டு இனங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள்: துணி சரிசெய்தல், முடிவெட்டு, எழுதுபொருள், பரிசுப் பொருட்கள், பழுதுபார்ப்பு. அந்த இனங்களுக்கு இப்போது எவ்வளவு போகிறதோ அதே தொகையை, ஒரு காசு கூட்டாமல், சிறு கடைக்கு மாற்றுங்கள். கைவைக்க முடியாதவை போக மீதிச் செலவு மாதம் 100 என்றால் 5 முதல் 10 வரை மாற்றினால் போதும், 6 மாதம் தொடர முடிந்தால்.

தொடர்ச்சியை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. ஒரு கடையில் மாதம் 12 நோட்டுகள் விற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். உதவும் எண்ணத்தில் நீங்கள் ஒரே நாளில் 10 வாங்குகிறீர்கள். அந்த மாத விற்பனை 22. கடைக்காரர் அதைப் பார்த்து அடுத்த கொள்முதலில் 22 எடுக்கிறார். உங்களுக்கோ ஒரு வருடத்துக்கு நோட்டு தேவையில்லை. 10 நோட்டுகள் அலமாரியில் தேங்கும். அவற்றுக்குக் கொடுத்த பணம் அங்கேயே முடங்கும். மாதம் ஒன்றாக வாங்கியிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. அப்படி ஒரே மூச்சில் வாங்கியே தீர வேண்டுமென்றால், "இது ஒரு தடவை மட்டும் வாங்குவது, இதை வைத்து ஆர்டர் போடாதீர்கள்" என்று சொல்லிவிடுங்கள்.

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான நாளாக ஜூன் 27-ஐ ஐ.நா. பொதுச்சபை 2017-இல் அறிவித்தது. கவனத்தைத் திருப்ப அப்படியொரு நாள் நல்லதுதான். ஆனால் அன்று மட்டும் கடை நிரம்பி, மறுநாளே காலியானால், மேலே சொன்ன நோட்டுக் கதைதான் நடக்கும்.

கணக்குத் தெரியாமல் தள்ளுபடி கேட்பது

பணம் இறுக்கமாக இருக்கும்போது விலை குறைத்துக் கேட்பது இயல்பு. கேட்பதற்கு முன் ஒரு சின்னக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

விற்பனை விலை 100. கொள்முதல் 75. மிச்சம் 25. அந்த 25-இல் வாடகை, மின்சாரம், சம்பளம், போக்குவரத்து என்று 20 போய்விடும். கடைக்காரர் கையில் நிற்பது 5. (கடைக்குக் கடை, பொருளுக்குப் பொருள் இந்த விகிதம் மாறும், கணக்கின் போக்குதான் இங்கே முக்கியம்.) இப்போது 10 விழுக்காடு தள்ளுபடி கொடுத்தால் பொருள் 90-க்குப் போகிறது; கொள்முதல் அதே 75; மிச்சம் 15. முன்பு 3 பொருள் விற்றுக் கிடைத்த 75-ஐப் பெற இனி 5 பொருள் விற்க வேண்டும். வாங்குபவருக்கு 10 விழுக்காடு லாபம். கடைக்கோ அந்த விற்பனையில் கையில் நிற்க வேண்டிய 5 போனதோடு, இன்னும் 5 கைப்பொறுப்பு.

இதற்குப் பதில் கேட்கக்கூடிய கேள்விகள் உண்டு. "இந்த வேலைக்கு இதைவிட விலை குறைந்தது எது?" என்று கேளுங்கள். தன் சரக்கைத் தானே தேர்ந்தெடுத்து வாங்கிய கடைக்காரருக்கு, எது வீண் செலவு என்று சொல்லத் தெரியும். "நாள்பட்ட இருப்பு ஏதாவது இருக்கிறதா, பெட்டி கசங்கியது, கடைசி ஒற்றை அளவு?" என்று கேளுங்கள். தேங்கிய சரக்கு என்பது அவருக்கு முடங்கிய பணம். அதைக் குறைத்துக் கொடுப்பதில் அவருக்கும் நிம்மதி. "கொஞ்சமாகப் பிரித்துத் தருவீர்களா?" என்பதும் நல்ல கேள்வி. பெரிய பொதியில் ஓர் அலகின் விலை குறைவாகத் தெரியும். ஆனால் அதில் மூன்றில் ஒரு பங்கு வீணானால், நீங்கள் உண்மையில் பயன்படுத்திய ஒவ்வோர் அலகுக்கும் ஒன்றரை மடங்கு கொடுத்திருக்கிறீர்கள்.

தெரிந்தவர் என்ற உரிமையில் இலவசமாகக் கேட்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அவருக்கு எல்லோரும் தெரிந்தவர்கள்தான்.

கடன் சொல்லி வாங்கிவிட்டு ஒளிவது

மேலே பார்த்த அதே கடையில் 100-க்குக் கடனாக வாங்கிய பொருளுக்குப் பணம் வரவே இல்லை என்றால், கடைக்காரர் இழந்தது 95. ஒரு விற்பனையில் 5 மிஞ்சும் கடையில் அந்தப் பள்ளம் தூர இன்னும் 19 பொருட்கள் விற்றாக வேண்டும். பணம் வந்தாலும் தாமதமாக வந்தால், மொத்த வியாபாரிக்கு அவர் கொடுக்க வேண்டிய நாள் தப்பும்; அடுத்த சரக்கு நிற்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சேதம் அதற்குப் பிறகு நடக்கிறது. கொடுக்க முடியவில்லை என்ற கூச்சத்தில் வாடிக்கையாளர் அந்தக் கடைப் பக்கமே போவதை நிறுத்திவிடுகிறார். பாக்கியும் போய், ஆளும் போய்விடுகிறது. இது நடக்கவே கூடாது. கெடு நாளுக்கு முன்பே போய், "இன்னும் 10 நாள் ஆகும், இப்போது இவ்வளவு தருகிறேன்" என்று ஒரு பகுதியைக் கொடுங்கள். பாக்கி தீரும்வரை புதுக் கடன் வேண்டாம். ரொக்கத்துக்குச் சின்னதாக ஏதாவது வாங்குவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பரிசுக் கூப்பனை நன்கொடை போல வாங்குவது

பரிசுக் கூப்பன் என்பது கடைக்கு நீங்கள் கொடுக்கும் வட்டியில்லாக் கடன். கடைக்குக் கையில் பணம் கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் கூப்பன்கள் எல்லாம் ஒரே வாரத்தில் திரும்பி வந்தால், சரக்கு போகும், கல்லாவில் ஒன்றும் விழாது. கடை மூடப்பட்டால், கூப்பன் வைத்திருப்பவர் பாக்கிக்காரர்களின் வரிசையில் பெரும்பாலும் கடைசியில்தான் நிற்பார். நெருக்கடியில் இருக்கும் குடும்பம், போனாலும் தாங்கும் தொகைக்கு மட்டும் வாங்கி, சில வாரங்களில் பயன்படுத்திவிடுவது நல்லது.

குறிப்பிட்ட ஒரு வேலைக்கு முன்பணம் கொடுப்பது இதைவிட மேல். மூலப்பொருள் செலவை ஈடுகட்டும் அளவு முன்பணம் கொடுத்து ரசீது வாங்குங்கள். ரசீதில் தேதி, வேலை விவரம், அளவுகள், மொத்தத் தொகை, முன்பணம், பாக்கி, கொடுக்கும் நாள் எல்லாம் இருக்கட்டும். வேலையை ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதையும் எழுதி வாங்குங்கள். வெட்டிய துணியையும் அறுத்த சட்டத்தையும் வேறு யாருக்கும் விற்க முடியாது; சச்சரவு வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பழுதைத் தள்ளிப்போடுவது

குடும்பச் செலவும் குறைந்து, சிறு தொழிலுக்கும் வேலை கிடைக்கும் இடம் பழுதுபார்ப்பு. இங்கே நடக்கும் தவறு தாமதம். சின்ன வேலையாக இருக்கும்போது போகாமல், பெரிதான பிறகு போகிறோம். அப்போது செலவைக் கேட்டுப் பயந்து புதிதாக வாங்கிவிடுகிறோம்.

செருப்பு, ஷூக்களைப் பாருங்கள். குதிகாலின் அடியில் ஒட்டியிருக்கும் ரப்பர் தேய்ந்து முடிவதற்குள் கொண்டுபோனால் அந்த ரப்பரை மட்டும் மாற்றினால் போதும். அதைத் தாண்டித் தேய்ப்பு குதிகால் கட்டைக்குள் ஏறிவிட்டால், கட்டையையே சமன் செய்து கட்ட வேண்டும்.

ஜிப் கெட்டால் முழு ஜிப்பையும் மாற்றச் சொல்லாதீர்கள். பற்கள் எல்லாம் சரியாக இருந்து, ரன்னர் நகர்ந்த பிறகு பின்னாலேயே பிளந்துகொண்டால், தேய்ந்தது ரன்னர்தான். அதை மட்டும் மாற்றுவது சில நிமிட வேலை. நடுவில் பல் ஒன்று உதிர்ந்திருந்தால்தான் முழு ஜிப்பும் மாற்ற வேண்டிவரும்.

சைக்கிள் செயினை ஓர் அளவுகோலால் வீட்டிலேயே சோதிக்கலாம். உள் கண்ணி ஒன்று, வெளிக் கண்ணி ஒன்று சேர்ந்தது ஒரு முழு இணைப்பு. 12 முழு இணைப்புகள் புதிதில் சரியாக 12 அங்குலம். கண்ணிகளைக் கோக்கும் ஊசி ஒன்றின் நடுவில் இருந்து இன்னொரு ஊசியின் நடுவுக்கு அளந்து பாருங்கள். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மட்டும் மாற்றும் நேரம் அது. 1/8 அங்குலம் கூடும்வரை ஓட்டினால், நீண்ட செயின் பல்சக்கரத்தின் பற்களையும் அரித்திருக்கும். அப்போது புதுச் செயின் மட்டும் போட்டால் பழைய பற்களில் வழுக்கும். இரண்டையும் மாற்ற வேண்டும்.

கொடுக்கும்போது மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: உத்தேசச் செலவு எவ்வளவு, எந்தத் தொகையைத் தாண்டினால் உங்களைக் கேட்காமல் செய்யக் கூடாது, வேலைக்கு எத்தனை நாள் உத்தரவாதம். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேட்பது அவமதிப்பு ஆகாது. நல்ல வேலைக்காரர் தானே எடுத்துக் காட்டுவார். பழுதுச் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் ஒருமுறை நின்று யோசியுங்கள் என்பது பொதுவான கைக்கணக்கு. பொருள் தரமானதாக இருந்தால் பாதியைத் தாண்டியும் செய்வது சரியாக இருக்கும்.

இடைத்தரகர் வழியாகவே வாங்குவது

ஆர்டர் எடுத்து வீட்டில் சேர்க்கும் செயலிகளில் பல, கடையிடம் 15 முதல் 30 விழுக்காடு வரை கமிஷன் எடுக்கின்றன. 100-க்கு விற்று, கொள்முதல் போக 25 மிஞ்சும் கடைக்கு இது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. செயலியில் கடையைக் கண்டுபிடியுங்கள். ஆர்டரை நேரிலோ தொலைபேசியிலோ கொடுங்கள். செயலியில் விலை கூட்டிப் போடும் கடைகளும் உண்டு என்பதால் உங்களுக்கும் மிச்சமாகலாம். இணையத்தில் விற்கும் சிறு வணிகரிடம் அளவு பார்க்க மூன்று வாங்கி இரண்டைத் திருப்புவதும் இதே வகை. போகவர அனுப்பும் செலவு பல நேரம் அவர் தலையில் விழும். அளவை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அவருடைய நேரத்தைச் சரக்காக எண்ணாதது

முடிதிருத்துபவர், தையல்காரர், இசை ஆசிரியர் போன்றவர்களுக்கு விற்பனைப் பொருளே நேரம். ஒரு நாளில் 8 பேருக்கு நேரம் கொடுத்தவரிடம் ஒருவர் சொல்லாமல் வராவிட்டால் அன்றைய வருமானத்தில் எட்டில் ஒரு பங்கு போகும்; அதை நாளைக்கு விற்க முடியாது. முந்தைய நாளே சொன்னால் வேறொருவர் வரலாம். கடையில் ஒரு மணி நேரம் விளக்கம் கேட்டு, போட்டுப் பார்த்துவிட்டு, இணையத்தில் வாங்கிக்கொள்வதும் இதே நேரத் திருட்டுதான்.

நட்சத்திரத்தை அவசரப்பட்டுப் போடுவது

காசு செலவில்லாத உதவி என்று எல்லோரும் மதிப்புரையைச் சொல்வார்கள். சரிதான், ஆனால் அதன் கணக்கு சிறு கடைக்குக் கொடூரமானது. 7 பேர் 5 நட்சத்திரம் கொடுத்த கடைக்கு எட்டாவது ஆள் 1 கொடுத்தால் சராசரி 4.5-க்கு இறங்கிவிடும். 200 பேர் 5 கொடுத்த இடத்தில் அதே 1 விழுந்தால் சராசரி 4.98, யார் கண்ணுக்கும் படாது. அதனால் குறை இருந்தால் முதலில் உரிமையாளரிடம் நேராகச் சொல்லி, சரிசெய்ய ஒரு வாய்ப்பு கொடுங்கள். சரிசெய்யாவிட்டால் உள்ளதை எழுதலாம். அடுத்து வாங்குபவருக்கும் உண்மை தேவை.

பாராட்டு எழுதும்போது "அருமை, சூப்பர்" என்று முடித்துவிடாதீர்கள். "பழைய பையின் ரன்னரை மட்டும் மாற்றினார், அரை மணி நேரம் ஆனது, கைப்பிடித் தையலையும் சேர்த்துப் போட்டார்" என்பது போன்ற வரிதான் அதே பிரச்சினையோடு தேடுபவரைக் கடைக்குக் கொண்டுவரும். மதிப்புரைக்குப் பதிலாகத் தள்ளுபடி கேட்காதீர்கள். பல தளங்களின் விதிகளுக்கு அது விரோதம், கடையின் பக்கமே முடக்கப்படலாம்.

சொல்லாமல் நிறுத்துவது

எவ்வளவு திட்டமிட்டாலும் சில மாதங்களில் நிறுத்தித்தான் ஆக வேண்டும். வாராந்தர வகுப்பு, மாதச் சந்தா, வழக்கமான ஆர்டர் எதுவானாலும் உங்களை நம்பி அங்கே ஒரு கொள்முதல் நடக்கிறது. திடீரென்று காணாமல் போனால் அந்தச் சரக்கு அவர் தலையில் நிற்கும். ஒரு சுற்று முன்பே சொல்லுங்கள். முழுவதும் நிறுத்துவதற்கு முன் பாதியாக்க முடியுமா என்று கேளுங்கள்: வாரத்துக்கு ஒன்று இரு வாரத்துக்கு ஒன்றாகலாம், 2 மாதம் நிறுத்தி வைக்கலாம், சின்ன அளவுக்கு மாறலாம். நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால், "வீட்டில் செலவு கூடிவிட்டது, அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் எனக்காக எடுத்து வைக்க வேண்டாம், அதன்பின் நானே சொல்கிறேன்" என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும். அடுத்த கொள்முதலை அவர் அதற்கேற்பக் குறைத்துக்கொள்வார்.