ஆலை மூடப்படும்போது தொழிலாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு தொழிற்சாலை மூடப்படும் என்றோ, அதன் வேலை வேறு ஊருக்குப் போகிறது என்றோ செய்தி வந்த முதல் வாரத்தில் தொழிலாளர்கள் எடுக்கும் முடிவுகள், அடுத்த பத்தாண்டு வாழ்க்கையைத் தீர்மானித்துவிடுகின்றன. சென்னைக்கு மேற்கேயும் தெற்கேயும் உள்ள தொழிற்பேட்டைகளில் இதைப் பலமுறை பார்த்துவிட்டோம். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று நின்றது. மறைமலைநகர் ஃபோர்டு ஆலையின் மூடல் 2021 செப்டம்பர் 9 அன்று அறிவிக்கப்பட்டு 2022இல் முடிந்தது. இரண்டிலும் வேலை போனது. ஆனால் வெளியேறும் விதத்தையும் கையில் வந்த தொகையையும் முடிவு செய்தது, அறிவிப்புக்கும் கடைசி ஷிப்டுக்கும் இடைப்பட்ட காலத்தைத் தொழிலாளர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதே.

முதல் தவறு, அறிவிப்பு வரும்வரை அறிகுறிகளைப் பொருட்படுத்தாமல் இருப்பது. நோக்கியாவின் கைபேசிப் பிரிவை 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரித் தகராறால் முடக்கப்பட்டிருந்த சென்னை ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. அந்த நாளிலிருந்து அது ஒரே ஒரு வாடிக்கையாளருக்கு ஒப்பந்த அடிப்படையில் உற்பத்தி செய்யும் ஆலையாகிவிட்டது. அந்த வாடிக்கையாளர் ஒப்பந்தத்தை நிறுத்தியதும் ஆலையும் நின்றது. ஆர்டர் குறைவது, மோல்டும் டையும் (பாகங்களை வடிவமைக்கும் அச்சுகள்) "சர்வீஸுக்கு" என்று லாரியில் ஏறித் திரும்பாமல் இருப்பது, பயிற்சியாளர்களை எடுப்பதை நிறுத்துவது, வேறு மாநில ஆலையிலிருந்து ஆட்கள் வந்து நம் வேலையைப் படம் பிடித்துக்கொண்டு போவது ஆகியவற்றைத் தேதியுடன் ஒரு நோட்டில் குறித்து வைப்பது நல்லது. மூடும் முடிவு எப்போதோ எடுக்கப்பட்டது என்று பின்னாளில் காட்ட அந்த நோட்டு உதவும்.

அடுத்தது, "நிர்வாகம் முடிவெடுத்துவிட்டது, இனி ஒன்றுமில்லை" என்று ஒதுங்கிவிடுவது. பெரிய ஆலையை நினைத்த நாளில் மூடிவிட முடியாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழில் உறவுச் சட்டத் தொகுப்பின்படி, 300 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள தொழிற்சாலையை மூட, குறைந்தது 90 நாள் முன்னதாக அரசிடம் அனுமதி கேட்க வேண்டும்; பழைய தொழில் தகராறு சட்டத்தில் இந்த எண்ணிக்கை 100 ஆக இருந்தது. 50 முதல் 299 பேர் வரை உள்ள இடங்களில் அனுமதி தேவையில்லை என்றாலும் 60 நாள் முன்னறிவிப்பு தந்தாக வேண்டும். விண்ணப்பம் போன 60 நாட்களுக்குள் அரசு பதில் சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளப்படும் என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. ஆட்சேபணை மனு, விசாரணையில் கருத்துக் கூறுதல், தொழிலாளர் ஆணையரைச் சந்தித்தல் எல்லாம் இந்த 60 நாட்களுக்குள் நடந்தால்தான் பயன் உண்டு. கேட் முன்னால் போடும் கூட்டம் அவசியம்தான், ஆனால் எழுத்தில் தராத ஆட்சேபணை கோப்பில் ஏறாது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, தனியாக அழைக்கப்பட்டுக் கையெழுத்துப் போடுவது. ஒருமுறை ஒரகடம் கூட்ரோட்டில் ஒரு டீக்கடை பெஞ்சில், எட்டு ஆண்டு அசெம்பிளி லைனில் நின்ற ஒரு தங்கை என்னிடம் ஒரு தாளை நீட்டினார். மனிதவளத் துறை அறையில் பத்து நிமிடம் உட்காரவைத்து, "இன்றைக்கே போட்டால் கூடுதலாக ஒரு மாதச் சம்பளம்" என்று சொல்லி வாங்கிய கையெழுத்தின் நகல் அது. ஆங்கிலத்தில் இரண்டே வரிகள். குடும்பச் சூழ்நிலை காரணமாகத் தன் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விட்டு விலகுவதாகவும், இனி நிறுவனத்திடமிருந்து தனக்கு எந்தப் பாக்கியும் இல்லை என்றும் அதில் இருந்தது. அவருக்கு எந்தக் குடும்பச் சூழ்நிலையும் இல்லை. ஆலை மூடப்படுகிறது என்பதற்கான ஒரு சொல்கூட அந்தத் தாளில் இல்லை.

அந்த இரண்டு வரிகளால் என்னென்ன போயின என்று சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஆலை மூடலுக்காகச் சட்டம் தரும் இழப்பீடு, வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம். தானாக விலகியவருக்கு அது கிடையாது. இ.எஸ்.ஐ.யில் ராஜீவ் காந்தி திட்டத்தின் கீழ், ஆலை மூடலால் வேலை இழந்த தகுதியுள்ள காப்பீட்டாளருக்கு முதல் 12 மாதம் ஊதியத்தில் பாதியும் அடுத்த 12 மாதம் கால் பங்கும் வேலையின்மைப் படியாகக் கிடைக்கும். ராஜினாமா செய்தவருக்கும் விருப்ப ஓய்வு பெற்றவருக்கும் அதுவும் இல்லை. ஒரு மாதச் சம்பளத்துக்காக அவர் இழந்தது இவ்வளவு. ஆகவே எந்தத் தாளாக இருந்தாலும் நகல் கேட்டு, வீட்டுக்கு எடுத்துச் சென்று, தமிழில் விளக்கம் பெற்ற பிறகே கையெழுத்திட வேண்டும். கட்டாயம் பெற்றுக்கொள்ள வேண்டிய நிலை வந்தால் "ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டேன்" என்று தன் கையால் எழுதி, தேதியிட்டுக் கையெழுத்திடலாம்.

தொகையைக் கணக்கிடுவதிலும் ஏமாந்துபோகிறோம். அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 18,200 ரூபாய் பெறும் ஒருவர் 12 ஆண்டு வேலை செய்திருந்தால், பணிக்கொடைக்காக (கிராஜுவிட்டி) அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்க வேண்டும். ஆண்டுக்கு 10,500 ரூபாய், மொத்தம் 1,26,000 ரூபாய். இது அவர் ஏற்கெனவே சம்பாதித்த பணம். மூடல் இழப்பீடு இதற்கு மேல் தனி. விடுப்புச் சம்பளமும் போனஸ் பாக்கியும் தனி. நிர்வாகம் "நான்கு லட்சம் பேக்கேஜ்" என்று சொல்லும்போது, அதற்குள் பணிக்கொடை அடங்கியிருக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

சட்டம் சொல்லும் 15 நாளைத்தான் கேட்க முடியும் என்று நினைப்பதும் தவறு. ஃபோர்டில் பேச்சு ஓராண்டு நீண்டது. ஆண்டுக்கு 115 நாள் ஊதியம் என்று சொன்ன நிர்வாகம் 130 நாளுக்கு வந்து, 2022 செப்டம்பரில் 140 நாளும் கூடுதலாக ஒன்றரை லட்சமும் என்ற இடத்தில் உடன்பட்டது. சங்கம் கேட்ட அளவு இது இல்லை. பலருக்கு வேலைதான் வேண்டும், பணம் வேண்டாம் என்ற வேதனையும் இருந்தது. ஆனாலும் அது சட்டத் தொகையைப் போல ஒன்பது மடங்குக்கும் மேல். நோக்கியாவில் பெரும்பாலானோர் விருப்ப ஓய்வில் முன்னரே போய்விட்டதால், கடைசி நாளில் பேரம் பேச உள்ளே எஞ்சியிருந்தவர்கள் சிறு பகுதியினரே. பேசுவதற்கு வலு, உள்ளே நிற்கும் எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

ஆனால் அந்த வலுவை ஆத்திரத்தில் வீணாக்கிவிடக் கூடாது. இப்போது எந்தத் தொழிலிலும் 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் செய்வது சட்டவிரோதம். சமரசப் பேச்சு நடக்கும்போது செய்வதும் அப்படியே. எந்திரத்தில் கை வைத்தால், மூடல் வழக்கு குற்ற வழக்காக மாறிவிடும், பேச்சின் மையமும் அங்கே போய்விடும்.

வேலை மட்டும் இடம் மாறும்போது வேறொரு பொறி இருக்கிறது. லைன் வேறு மாநிலத்துக்குப் போகிறது, இரண்டு வாரத்துக்குள் அங்கே வந்து சேருங்கள் என்று இடமாற்ற உத்தரவு வரும். குழந்தைகள் பள்ளியில் படிக்க, வயதான பெற்றோர் வீட்டில் இருக்க, அவ்வளவு தூரம் யார் போவார்கள்? போக முடியாது என்று வாயால் சொல்லிவிட்டு வீட்டில் இருந்தால், சில வாரங்களில் "அனுமதியின்றி வேலைக்கு வரவில்லை" என்ற கடிதம் வந்து, இழப்பீடு இல்லாமலே வேலை போய்விடும். பணி நியமன ஆணையிலும் நிலையாணைகளிலும் (ஆலையின் பணி விதிகள்) இடமாற்றம் பற்றி என்ன இருக்கிறது என்று பார்த்து, உத்தரவில் சொன்ன தேதிக்குள் பதிவுத் தபாலில் பதில் அனுப்பி, சங்கம் மூலம் தொழிலாளர் அதிகாரியிடம் தாவா (தொழில் தகராறு) எழுப்ப வேண்டும். இங்குள்ள வேலை உண்மையில் முடிக்கப்படுகிறது என்றால், அது மூடலா ஆட்குறைப்பா என்பதை நிர்வாகம் எழுத்தில் சொல்லட்டும்.

நிரந்தரத் தொழிலாளர்கள் தங்களுக்கு மட்டும் பேசி முடிப்பதும் வருத்தம் தரும் தவறு. கேன்டீன், துப்புரவு, லோடிங், அதே லைனில் நிற்கும் கான்ட்ராக்ட் ஆட்கள் ஆகியோர் ஒரு வாட்ஸ்அப் செய்தியோடு நிறுத்தப்படுகிறார்கள். ஒப்பந்தக்காரர் சம்பளம் தராமல் போனால் அதைத் தரும் பொறுப்பு ஆலை நிர்வாகத்தைச் சேரும் என்று சட்டம் சொல்கிறது. கோரிக்கைப் பட்டியலில் அதைச் சேர்க்க யாருக்கும் செலவில்லை.

ஆவணங்களை ஆலை இயங்கும்போதே எடுத்துவிட வேண்டும். மனிதவள அறை பூட்டப்பட்ட பிறகு சம்பளச் சீட்டையும் அனுபவச் சான்றையும் தர ஆள் இருக்காது. வைப்பு நிதிக் கணக்கில் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, விலகிய காரணம் ஆகிய ஐந்தையும் சரிபார்க்க வேண்டும். கை இறுக்கத்தில் ஓய்வூதியப் பகுதியையும் சேர்த்து எடுத்துவிடுபவர்கள் நிறையப் பேர். ஒன்பதரை ஆண்டு முடித்தவருக்கு அது பத்தாண்டாகக் கணக்கிடப்பட்டு மாத ஓய்வூதிய உரிமை வந்துவிடும். அதற்குக் குறைவானவர்கள் பணத்தை எடுக்காமல், வேலை செய்த ஆண்டுகளைப் பதிவு செய்யும் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்தால், அடுத்த வேலையின் ஆண்டுகள் இதனுடன் சேரும்.

வேலை நீக்கத்தை எதிர்த்துத் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போக 2 ஆண்டுகளே அவகாசம் உண்டு. முதலில் சமரச அலுவலரிடம் மனுக் கொடுத்து, 45 நாள் கடந்த பின்பே நேரடியாகத் தீர்ப்பாயத்தை நாடலாம். அந்தத் தங்கை எங்களைத் தேடி வந்தது கையெழுத்திட்ட மூன்றாம் வாரத்தில். வற்புறுத்தி வாங்கிய ராஜினாமா என்று அன்றே மனு எழுதி, அவரோடு அதே அறையில் அதே நாளில் கையெழுத்திட்ட மற்றவர்களின் பெயர்களையும் கேட்டு எழுதினோம். ஒரே வாசகம், ஒரே தேதி, ஒரே "குடும்பச் சூழ்நிலை" என்று பதினொரு தாள்கள் கிடைத்தன.