கடைசி 200 மீற்றருக்கு முன்னால்: திருகோணமலையிலிருந்து வீதிச் சைக்கிள் ஸ்பிரின்டராவது எப்படி

வீதிச் சைக்கிளோட்டத்தில் ஸ்பிரின்டர், அதாவது முடிவுக்கோட்டை நோக்கிய கடைசிப் பாய்ச்சலில் வெல்பவர், என்றதும் தொடை பருத்த, கால்பலம் கூடிய ஒருவரைத்தான் பலரும் நினைப்பார்கள். கால்பலம் வேண்டும்தான். ஆனால் நூற்றைம்பது கிலோமீற்றர் ஓடிக் களைத்த பிறகு அந்தப் பலத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, கடைசி 200 மீற்றர் தொடங்கும்போது யாருடைய சில்லுக்குப் பின்னால் காற்றுக்கு மறைந்து இருக்கிறோம் என்ற இரண்டும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன. பல நாள் நடக்கும் 'டூர் டி பிரான்ஸ்' ஓட்டத்தில் 35 கட்டங்களை (ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம்) வென்ற மார்க் கெவண்டிஷின் உச்ச வலு, அவரோடு மோதிய பலருடையதைவிடக் குறைவு. தலையைத் தாழ்த்தி, உடலை ஒடுக்கி, சரியான இடத்தில் இருந்து அவர் ஜெயித்தார். காற்றைக் கிழிக்கத் தேவையான வலு வேகத்தின் மூன்றாம் அடுக்காகக் கூடும். மணிக்கு 60 கிலோமீற்றருக்கு மேல் போகும்போது தோளை நாலு விரல் தாழ்த்துவதும் பெரிய லாபம்.

முதலில், நீங்கள் ஸ்பிரின்டர்தானா என்று பாருங்கள்

மிதிக்கும் வலுவை அளக்கும் வலுமானி தேவையில்லை. ஒரு நண்பர், ஒரு ஸ்டொப் வோட்ச், அளந்து குறியிட்ட 200 மீற்றர் நேர்வீதி போதும். இருபது நிமிடம் உடலைச் சூடேற்றி, குறிக்கு முன்பே வேகமெடுத்து, முழுமூச்சில் ஓடுங்கள். பத்து நிமிடம் ஆறி, எதிர்த்திசையில் இன்னொரு தடவை. இரண்டின் சராசரியை எடுத்தால் காற்றின் உதவி பெரும்பாலும் கழிந்துவிடும். 14.4 வினாடி என்றால் மணிக்கு 50 கிலோமீற்றர், 13.1 என்றால் 55, 12.0 என்றால் 60. உலகத் தரத்து ஓட்டங்களில் கூட்டத்தின் இழுப்போடு 65 முதல் 75 வரை போவார்கள். தனியாக ஓடும்போது அந்த எண்ணைத் தேட வேண்டாம்.

இதே சோதனையை இன்னொரு நாள், இரண்டு மணிநேரம் கடுமையாக ஓடிய பிறகு செய்யுங்கள். முக்கியமான சோதனை இதுதான். புதுக்காலில் 12.5 வினாடி எடுத்தவர் களைத்த காலில் 14.5 எடுத்தால், அவருக்கு இப்போதைக்கு மைதானத்து ஓடுபாதைச் சைக்கிளோட்டமே பொருந்தும். 13.2 எடுத்தவர் 13.6-இல் நின்றால் அவரை வீதிக்குத் தயார்ப்படுத்தலாம். பயிற்சியாளர்கள் பெரும்பாலும் முதல் எண்ணை மட்டும் பார்த்து ஆளைத் தெரிவு செய்கிறார்கள். அது தவறு.

எங்கே ஓடுவது

நகருக்குள் வேண்டாம். பிரெட்ரிக் கோட்டையைச் சுற்றியும் கடற்கரைப் பக்கமும் புள்ளிமான்கள் எந்த நேரமும் வீதியைக் கடக்கும். நாய்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உப்புவெளி, சாம்பல்தீவு தாண்டி நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி வழியாகப் புல்மோட்டைக்குப் போகும் கரையோர வீதிதான் ஸ்பிரின்ட் பயிற்சிக்கு ஏற்றது. தட்டையானது, இறக்கக்கண்டிப் பாலத்துக்கு வடக்கே போக்குவரத்தும் குறைவு. சந்தி, பாலம், ஒழுங்கை வாசல் எதுவும் இல்லாத 400 மீற்றர்த் துண்டு ஒன்றைத் தேடிப் பிடித்து, முதலில் மெதுவாக ஓடி மணல் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். கடற்காற்று கொண்டுவந்து தூவும் மெல்லிய மணல் தூரத்திலிருந்து தெரியாது. எழும்பி மிதிக்கும்போது பின்சில்லு அதில்தான் வழுக்கும். கிண்ணியாப் பாலத்தை நீண்ட ஓட்டத்தில் கடக்கலாம், ஆனால் பாலத்து மூட்டுகளின் மேல் ஸ்பிரின்ட் எடுக்கக்கூடாது.

விடிய ஐந்தேகாலுக்கு, சைக்கிளின் முன்னும் பின்னும் விளக்கோடு புறப்பட்டு, கடும் பயிற்சியை ஆறரைக்குள் முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு பள்ளிப் பிள்ளைகள், ஆட்டோக்கள், பஸ்கள். கச்சான் காலத்தில் நிலாவெளிப் பக்கம் போகும்போது காற்று இடப்புறம் சற்றுப் பின்னாலிருந்து அடிக்கும், திரும்பும்போது வலப்புறம் சற்று முன்னாலிருந்து. பக்கக்காற்றில் சில்லுப் பிடித்து ஓடப் பழக இதைவிட நல்ல வீதி கிடைக்காது. மாரி பிடித்ததும் ஜிம்மும் வீட்டுக்குள் ரோலரும்தான்.

சைக்கிள்: ஸ்பிரின்டில் உடைவது எது

விலைகூடிய பிரேமைவிடப் பராமரிப்பு முக்கியம். ஸ்பிரின்டில் ஹாண்டிலை மேலே இழுக்கிறோம், பெடலைக் கீழே தள்ளுகிறோம். சும்மா ஓடும்போது தெரியாத பழுதெல்லாம் அந்தப் பத்து வினாடியில்தான் வெளியே வரும். கரையோர ஊரில் உப்புக்காற்றும் வியர்வையும் சேர்ந்து அதை விரைவுபடுத்துகின்றன.

முதல் சந்தேகம் ஹாண்டில். அலுமினிய ஹாண்டிலைச் சுற்றிய டேப்புக்குள் வியர்வை ஊறி, உலோகம் வெள்ளைப் பொடியாகப் பூத்து அரிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. முழுப் பலத்தோடு இழுக்கும்போது ஒடியும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை டேப்பைக் கழற்றிப் பாருங்கள். குழி விழுந்திருந்தால் எறிந்துவிடுங்கள், உரஞ்சித் துடைத்துப் பாவிக்க வேண்டாம். ஹாண்டிலைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மின் முன்மூடிப் போல்ட்டுகள் நாலையும் குறுக்குக் குறுக்காக இறுக்க வேண்டும், பெரும்பாலான ஸ்டெம்களில் 5 நியூட்டன் மீற்றர் அளவுக்கு. ஸ்டெம்மில் பொறித்திருக்கும் எண் வேறாக இருந்தால் அதன்படி. துருப்பிடித்த போல்ட் சரியாக இறுகாமலே இறுகியதுபோல் காட்டும். அதனால் மாதம் ஒரு முறை கழற்றி, துடைத்து, கிறீஸ் பூசிப் போடுங்கள்.

அடுத்தது செயின் வழுக்கல். பெடல் திடீரென வெற்றிடத்தில் இறங்கும், ஆள் ஹாண்டிலுக்கு மேலால் போவார். மூன்று காரணங்கள்: செயின் நீண்டுவிட்டது, பின் பற்சில்லு தேய்ந்துவிட்டது, கியர்க் கேபிள் இழுவை சரியில்லை. செயினை அளக்க ஒரு இரும்பு அடிமட்டம் போதும். ஒரு பின்னின் நடுவிலிருந்து 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு சரியாக வர வேண்டும். 1/16 அங்குலம் தள்ளியிருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. 11 அடுக்குச் செயினை அதற்கும் முன்பே மாற்றுவது நல்லது. புதுச் செயினைப் பழைய பற்சில்லில் போட்டு, அதிகம் பாவிக்கும் சிறிய பற்களில் வழுக்குகிறதென்றால் பற்சில்லும் போயிற்று. கடற்கரை ஓட்டம் ஒவ்வொன்றுக்கும் பிறகு செயினைத் துணியால் துடைத்து, இணைப்புக்கு ஒரு துளி எண்ணெய் விட்டு, மிஞ்சியதைத் துடைத்தெடுங்கள். எண்ணெய் வழியவிட்டால் மணல் ஒட்டி அரைக்கும்.

சப்பாத்தின் அடியில் பெடலோடு பூட்டும் கிளீட் தேய்ந்திருந்தால் காலை மேலே இழுக்கும்போது சப்பாத்து பெடலிலிருந்து கழன்றுவிடும். ஸ்பிரின்டர்கள் பெடலின் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இறுக்கமாக வைப்பார்கள். 65 கிலோ எடையுள்ளவருக்கு 25 மில்லிமீற்றர் டயரில் 85–90 பி.எஸ்.ஐ. காற்று, 28 என்றால் 70–75 போதும். 120 வரை அடித்துக் கல்லுப்போல் ஓடுவது பழைய பழக்கம். நம்முடைய வீதிகளில் அது சில்லைத் துள்ள வைத்துப் பிடிமானத்தைக் குறைக்கும்.

கியர் விசயத்தில் ஒரே ஒரு கணக்கு. 53 பல் முன் பற்சில்லும் 14 பல் பின் பற்சில்லும் (53×14) என்றால், மணிக்கு 45 கிலோமீற்றரில் பெடல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 94 சுற்றுச் சுற்றும். அங்கிருந்து தொடங்கி, சுற்று 110-ஐத் தாண்டும்போது 13, பிறகு 12 என்று இறக்க வேண்டும். தொடக்கத்திலேயே 11-இல் போட்டுக்கொண்டு மிதிக்கத் திணறுவதுதான் இளையவர்களிடம் அதிகம் காணும் பிழை. 53×11-ஐ 110 சுற்றில் மிதித்தால் மணிக்கு 66 கிலோமீற்றருக்கும் மேல். அந்த வேகம் வராதவருக்கு அந்தக் கியர் எதற்கு?

வாரத்தை அமைப்பது

செவ்வாய் வெடிப்புப் பலத்துக்கு. 53×16-இல், நடைவேகத்திலிருந்து எழும்பி நின்று 8 வினாடி முழுப் பலம். ஒவ்வொன்றுக்கும் பிறகு முழு 5 நிமிடம் ஆற வேண்டும். ஆறு தடவை போதும். இடைவேளையைக் குறைத்தால் அது வேறு பயிற்சியாகிவிடும், பலம் கூடாது. ஆறாவது தடவை முதலாவதைவிட வெளிப்படையாகத் தளர்ந்தால் அன்று நிறுத்திவிடுங்கள்.

வியாழன் 4 நிமிடம் கடும் ஓட்டம், 4 நிமிடம் ஆறுதல், நாலு தடவை. ஸ்பிரின்டர்கள் வெறுக்கும் பயிற்சி இது, ஆனால் கடைசி 5 கிலோமீற்றரில் கூட்டம் வேகமெடுக்கும்போது முன்வரிசையில் நிற்க வைப்பதும் இதுதான். சனி குழுப் பயிற்சி, அதைக் கீழே சொல்கிறோம். ஞாயிறு நீண்ட ஓட்டம்: புல்மோட்டை போய்த் திரும்பினால் ஏறத்தாழ 110 கிலோமீற்றர். கடைசி அரைமணிநேரத்தில் 12 வினாடி ஸ்பிரின்ட் மூன்று. மற்ற நாட்களில் இலேசான ஓட்டமோ ஓய்வோ. வாரத்தில் இரண்டு நாள் ஜிம்மில் ஸ்குவாட், டெட்லிப்ட். முறை சரியாக வரும்வரை வெறுங்கம்பி, பிறகு ஐந்து தடவை வீதம் மூன்று சுற்று.

மலை ஓட்டம் பெரிய சிக்கல். கட்ட ஓட்டங்களில் வெற்றியாளரின் நேரத்தைக் கொண்டு கணக்கிடும் கால எல்லைக்குள் வராதவர் வெளியேற்றப்படுவார். அடுத்த நாள் தட்டை வீதி என்றாலும் ஓட முடியாது. பிரான்ஸில் பெரிய ஸ்பிரின்டர்களும் மலை நாட்களில் பின்னால் ஒரு குழுவாகச் சேர்ந்து, எல்லையைக் கணக்கிட்டுத்தான் தப்புகிறார்கள். திருகோணமலையில் நீண்ட ஏற்றம் கிடையாது. ஓர்ஸ்ஹில் போன்ற குட்டி ஏற்றங்கள் காலைச் சூடாக்கத்தான் உதவும். பதிலாக, எதிர்க்காற்றில் பெரிய கியரில் நிமிடத்துக்கு 60 சுற்று வீதம், இருந்தபடியே 20 நிமிடம், இரண்டு தடவை ஓடுங்கள். வருடத்தில் சில நாளாவது கண்டி, நுவரெலியா வீதிகளில் தங்கி ஓட வழி பாருங்கள்.

உணவைச் சுருக்கமாகச் சொன்னால்: இரண்டு மணிநேரத்துக்கு மேற்பட்ட ஓட்டத்தில் மணிக்கு 60 கிராம் மாச்சத்தாவது உள்ளே போக வேண்டும். 500 மில்லிலீற்றர் தண்ணீரில் மூன்று மேசைக்கரண்டி சீனி, கால் தேக்கரண்டி உப்பு, பாதித் தேசிக்காய். இப்படி ஒரு போத்தலும் ஒரு வாழைப்பழமும் ஒரு மணிநேரத்துக்குச் சரி. நம்முடைய வெயிலில் இளநீர் நல்லதுதான், ஆனால் வியர்வையில் போகும் சோடியத்தை அது ஈடுகட்டாது.

இழுத்துக் கொடுக்கும் தொடர்

முன்னால் ஓடுபவர்கள் காற்றை மறைத்து, ஸ்பிரின்டரைக் கடைசி 200 மீற்றர்வரை கொண்டுவந்து விடுவதுதான் இது. நாலு பேர் இருந்தால் போதும். முன்னவருக்கும் உங்களுக்கும் இடையில் அரைச் சில்லு இடைவெளி. முடிவுக்கோடு ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. முதலாமவர் முடிவுக்கோட்டுக்கு 1500 மீற்றர் இருக்கும்போதிலிருந்து 1000 வரை மணிக்கு 45-இல் இழுத்துவிட்டு, கையசைக்காமல் நேராக விலகுகிறார்.
2. இரண்டாமவர் 500 வரை 48-க்குக் கூட்டுகிறார். திடீரெனப் பாய்ந்தால் பின்னால் இடைவெளி விழும். மெதுவாக ஏற்ற வேண்டும்.
3. மூன்றாமவர் 200 வரை, இயன்றவரை 52-க்கு மேல். தன் முடிவுக்கோடு 200 மீற்றர்க் குறிதான் என்று அவர் மனதில் பதிய வேண்டும்.
4. அங்கிருந்து ஸ்பிரின்டர்.

எதிர்க்காற்று என்றால் ஸ்பிரின்டர் 150 வரை பொறுக்கலாம், பின்காற்றில் 250-இலேயே பாயலாம். காற்று வலப்புறமிருந்து வந்தால் முன்னவரின் இடப்புறத்தால் வெளியேறுங்கள், அவருடைய மறைப்பு இன்னும் சில மீற்றருக்குக் கிடைக்கும். தடுப்புவேலி அந்தப் பக்கம் நெருக்கமாக இருந்தால் மட்டும் அதைச் செய்ய வேண்டாம், கதவு மூடிவிடும். 2009-இல் பாரிஸில் கெவண்டிஷ் முதலாவதாகவும் அவரை இழுத்துக் கொடுத்த மார்க் ரென்ஷோ இரண்டாவதாகவும் வந்ததைக் காணொளியில் பாருங்கள். தொடர் சரியாக அமைந்தால் மற்றவர்களுக்கு அருகில் வரவே இடமிருக்காது. பயிற்சியில் ஆட்களை மாற்றி மாற்றி நிறுத்துங்கள். மூன்றாமிடத்தில் ஓடியறியாத ஸ்பிரின்டருக்கு எப்போது பாய வேண்டும் என்பது விளங்காது. மோட்டார்சைக்கிளுக்குப் பின்னால் பொதுவீதியில் ஓடுவதை விட்டுவிடுங்கள். அவர் பிரேக் பிடித்தால் உங்களுக்கு நேரமே இல்லை.

கோடு மாறக்கூடாது. கைகள் ஹாண்டிலின் கீழ்வளைவில், பார்வை 30 மீற்றர் முன்னால். தொடங்கிய கோட்டை விட்டு மற்றவர் பாதையில் புகுந்தால் நடுவர்கள் உங்களைக் குழுவின் கடைசி இடத்துக்குத் தள்ளலாம். 2020-இல் போலந்தின் கட்டோவிற்சேயில் டிலான் குரூனவேகன் கோடு மாறியதில் ஃபாபியோ யாகொப்சன் வேலியில் மோதி உயிராபத்தான காயமடைந்தார். குரூனவேகனுக்கு ஒன்பது மாதத் தடை. யாகொப்சன் மீண்டு வந்து அடுத்த ஆண்டே ஸ்பெயினின் பலகட்ட ஓட்டமான 'வுவெல்ட்டா'வில் மூன்று கட்டங்களை வென்றார். எல்லாருக்கும் அப்படி வாய்க்காது.

தொழிலாக்குவது

17–18 வயது ஜூனியர், 19–22 இருபத்துமூன்றுக்குட்பட்டோர், அதற்கு மேல் எலீற். பள்ளி, மாவட்டம், மாகாணம், தேசிய விளையாட்டு விழா என்ற ஏணியில் ஏறும்போதே விமானப்படையின் சைக்கிள் சவாரி போன்ற பலகட்ட ஓட்டங்களைக் குறிவையுங்கள். நாட்டின் வலுவான அணிகளில் பல படைப்பிரிவுகளைச் சார்ந்தவை. சம்பளத்தோடு பயிற்சி பெற அது ஒரு வழி. சேருவதா என்பது வீட்டாரோடு ஆறுதலாகப் பேசி எடுக்க வேண்டிய முடிவு, பயிற்சியாளர் சொல்லி எடுப்பதல்ல.

வெளிநாட்டில் அணிகள் மூன்று படி: கொண்டினென்ரல், புரோ, வேர்ல்ட் டூர். ஆசியாவில் ஸ்பிரின்டர்களின் பெரிய மேடை மலேசியாவின் லங்காவி ஓட்டம். இத்தாலியரான அந்திரேயா குவார்தீனி அங்கு 24 கட்டங்களை வென்றிருக்கிறார். எரித்திரியாவின் பினியம் கிர்மாய் 2024-இல் 'டூர் டி பிரான்ஸ்' ஓட்டத்தில் மூன்று கட்டங்களையும், புள்ளிகளில் முதல்வருக்கான பச்சை ஜெர்சியையும் வென்றார். பணக்கார நாட்டில் பிறக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஓடுபாதைச் சைக்கிளோட்டத்தையும் கைவிடாதீர்கள். அதன் இருவர் ஓட்டமான 'மடிசன்'இல் கெவண்டிஷ் உலகச் சம்பியனானவர், பல ஓட்டங்களைச் சேர்த்த 'ஒம்னியம்'இல் எலியா விவியானி ரியோ ஒலிம்பிக் தங்கம் வென்றவர். வேகம் மெல்லக் குறையும் வயதில், இடம் பிடிக்கத் தெரிந்தவருக்கு இழுத்துக் கொடுக்கும் வேலை காத்திருக்கும், சம்பளமும் மோசமில்லை.

அணிக்கு விண்ணப்பம் அனுப்பும்போது "முதலிடம்" என்று மட்டும் எழுதாதீர்கள். ஓட்டத்தின் தூரம், எத்தனை பேர் கொண்ட கூட்டம் முடிவுக்கோட்டுக்கு வந்தது, கடைசிக் கிலோமீற்றரில் உங்களுக்கு இழுத்துக் கொடுத்தது யார், அன்றைய காற்று, இருந்தால் வலுமானிக் கோப்பு ஆகியவற்றைச் சேருங்கள். 15 பேரில் முதலாவதைவிட 60 பேரில் மூன்றாவதை அணி மேலாளர்கள் கவனித்துப் பார்ப்பார்கள். தோற்ற ஸ்பிரின்டின் காணொளி ஒன்றையும் இணையுங்கள். நீங்கள் எங்கே நின்றீர்கள் என்பது அதில் தெரியும்.